சென்னப்பன் களி மெல்கிறார்

களி உருண்டையில் கொஞ்சம் கிள்ளி, குழம்பில் தோய்த்து, வாயில் போட்டு மெல்கிறார் சென்னப்பன். தருமபுரிப் பக்கம் களியை யாரும் மெல்வதில்லை. வழுக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். இவருக்குப் பல்லில் அப்பிக்கொள்கிறது. நாக்கால் துழாவியெடுத்து மறுபடியும் மெல்கிறார்.

தொப்பூர்க் கணவாய்க்குக் கீழே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். டயருக்குக் காத்திருக்கும் லாரிக்காரர்கள் சும்மா விடுவதில்லை.

"என்னாப்பா, மாடு மாதிரி அசை போடற?"

"எதத் தின்னாலும் மெல்லுன்னாருங்க டாக்டரு. களிக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லலீங்களே."

டைபாய்டு காய்ச்சலில் குடலில் ஓட்டை விழுந்து, சேலத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சக் குடலின் முனை வயிற்றின் வலப்பக்கம் வெளியே நிற்கிறது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பை; பையை மறைக்கத் தொளதொளவென்று ஒரு சட்டை. எடை கூடினால் குடலை உள்ளே வைத்து மூடிவிடலாம் என்றிருக்கிறார்கள். எடைதான் கூடுவதாயில்லை.

"தின்னதெல்லாம் கண்ணு முன்னாலயே வந்துடுது. அப்ப ஒடம்புல ஒட்டறது எதுங்க?"

கீரை வேண்டாம், கடலை வேண்டாம், உப்புப் போட்டுத் தண்ணீர் நிறையக் குடி என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். கீரையையும் கடலையையும் விட்டாயிற்று. தண்ணீரில்தான் தகராறு. குடித்தால் பை ரொம்புகிறது, அதுவும் டயர் கழற்றுகிற நேரம் பார்த்து. அதனால் நாக்கை நனைப்பதோடு சரி. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்.

"குடிய்யா. எளச்சு ஈக்கு மாதிரி ஆயிட்ட" என்பார் மனைவி தீர்த்தம்மாள்.

"குடிச்சா நீயா வந்து கழுவுவ?"

"இப்ப மட்டும் யாரு கழுவறா?"

அவர் கையிலிருந்து இன்னொரு கிள்ளுக் களி வாய்க்குள் போகும்.

போன மாதம் சேலத்தில் எடைமுள் ஏறி நின்றது. டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி சொன்னார். திரும்பும் பஸ்ஸில் இடமில்லை. தொப்பூர் வரை நின்றுகொண்டே வந்தார். கண் இருட்டவில்லை, கால் இழுக்கவில்லை. அதே களி, அதே குழம்பு, ஆள் எப்படித் தேறினார் என்று தீர்த்தம்மாளுக்கு விளங்கவில்லை. தலை ஏன் சுற்றவில்லை என்று அவருக்கும் விளங்கவில்லை.

பிறகொரு நாள் ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, ஆஸ்பத்திரி வாசலில் மோர் விற்கிறவள் தீர்த்தம்மாளிடம் சிரித்தாள்:

"இவரு உங்க வூட்டுக்காரருங்களா? போன மாசம் நீங்க சீட்டு வாங்கப் போன நேரம், எடை காட்டணும்னு சொம்பு சொம்பா உப்பு மோரு குடிச்சாருங்களே."