ஹார்லன் போட்டுவைத்த ஐந்து தோட்டாக்கள்

ஓலீட்டா பர்டம் எங்கள் மலைப்பக்கத்துப் பள்ளிக்கூட பஸ்ஸை முப்பத்தொரு வருஷம் ஓட்டினார். ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிவரும் காலைகளில் முதலில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் மிதந்து வரும். சத்தம் அதற்கப்புறம்தான் வந்து சேரும். கதவு திறந்ததும் உள்ளே கதகதப்பாக இருக்கும், ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கும். ஏறி உட்கார்ந்தால் விட்ட தூக்கத்தை அப்படியே தொடரலாம். நானும் எட்டு வருஷம் அந்த பஸ்ஸில் தூங்கியவன்தான். அதனால் ஐம்பத்திரண்டு வயதிலும் அவருக்கு நான் "டேய் ரஸ்ஸல்". எனக்கு அவர், ஊரில் எல்லோருக்கும் போல, மிஸ் ஓலீட்டா.

அந்தக் கதவு நெம்புகோலை இழுத்து இழுத்தே அவருடைய வலது கை கெட்டுப்போனது. விரல் கணுக்கள் இஞ்சிக் கிழங்காக வீங்கி, ஒவ்வொரு விரலும் ஒரு திசை பார்க்கும்.

நான் துப்பாக்கிக் கடைக்குப் பின்னால் இருக்கும், சுட்டுப் பழகும் திடலைப் பார்த்துக்கொள்கிறேன். கடை டுவைட்டுடையது. தோட்டாவைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை, வாய் மூடத்தான் தெரியாது. போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மிஸ் ஓலீட்டா உள்ளே வந்து, பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றிய ஒன்றை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். கட்டைக் குழல் ரிவால்வர், ஐந்து தோட்டா பிடிப்பது. ஐந்தும் உள்ளேயே இருந்தன.

டுவைட் அலறினான். "தோட்டாவோட உள்ள வரக்கூடாதுன்னு வாசல்ல போர்டு தொங்குதே! எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

"கத்தாத. அது தோட்டா இல்ல, ஹார்லன்."

டுவைட் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

ஹார்லன் அவருடைய கணவர். மூன்று வருஷம் முன்பு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று, சமையல்கட்டில் நின்றபடி இந்த ரிவால்வரில் ஐந்தைப் போட்டு மூடி, "நான் வர்ற வரைக்கும் இதுல நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வரவில்லை. மிஸ் ஓலீட்டா அன்றிலிருந்து அதைத் திறக்கவேயில்லை. தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தினமும் அதற்கு குட்நைட் சொல்லிவிட்டுத்தான் படுப்பாராம். சிரிக்காமல் சொன்னார். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர் வீடு பள்ளத்தாக்கின் கடைசி வீடு. போலீஸ் வர முக்கால் மணி நேரமாகும். அதற்கு முந்தின வாரம் நட்டநடுப் பகலில் யாரோ ஒருவன் சமையல்கட்டுக் கதவின் பிடியைத் திருகிப் பார்த்திருக்கிறான். இவர் துப்பாக்கியைத் தூக்கியிருக்கிறார். அவன் போய்விட்டான்.

"ஹார்லன் போடற தோட்டா கழுத மாதிரி உதைக்கும்டா. ஒரே ஒரு தடவ சுட்டேன். மணிக்கட்டு ஒரு மாசம் வீங்கிக் கெடந்துச்சு. குண்டு கொட்டகைக் கூரைல போச்சு. அவன் உள்ள வந்தா நான் எதச் சுடுவேன்? கூரையத்தான்."

டுவைட் உடனே தன் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தான். இது இவ்வளவு வேகம், அது இப்படி விரியும் என்று. ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பலமாக உதைப்பது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுடுகிற கை யாருடையது என்று பார்க்க வேண்டாமா? கீழ்த்தட்டிலிருந்து வாட்கட்டர் என்கிற தோட்டாவில் ஒரு பெட்டி எடுத்து வந்தேன். அதற்கு மூக்கே கிடையாது. அரிந்த வாழைத்தண்டு போலத் தட்டையாக, பித்தளைக் கூட்டின் விளிம்போடு விளிம்பாக ஈயம் நிற்கும். மெதுவாகப் போகும், மெதுவாக உதைக்கும், குறி வைத்த இடத்தில் விழும்.

"அது பேப்பர் சுடறவனுங்க சமாச்சாரம்" என்றான் டுவைட்.

"கூரையச் சுடறத விடப் பேப்பரச் சுடறது மேல்" என்று சொல்லி அவரைத் திடலுக்கு அழைத்துப் போனேன்.

கடையின் ரிவால்வர், அதே மாதிரியானது. ஏழு கஜம் தள்ளிக் குறிபார்க்கும் பேப்பர். குண்டைத் தடுக்கும் மண்மேட்டுக்கு அப்பால் பனி இன்னும் கலையவில்லை, மரங்கள் இருக்கிற இடம் தெரியவில்லை. ஐந்து தரம் சுட்டார். பேப்பரைக் கழற்றிவந்து கொடுத்தேன். அலுவலகத்தில் பஞ்சிங் மிஷின் போட்டதுபோல ஐந்து வட்டமான ஓட்டைகள், ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். அவர் அதைத் தலைக்கு மேலிருந்த விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டைகளின் வழியாக வெளிச்சம் விழுந்து கன்னத்தில் பொட்டுப்பொட்டாக நின்றது.

"வலிக்கவே இல்லடா" என்றார், தூக்கத்தில் பேசுகிறவர் போல.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இவற்றைப் போட ஹார்லனுடைய ஐந்தை எடுக்க வேண்டுமே. "அடுத்த வாரம்" என்றார். அடுத்த செவ்வாயும் வந்தார், கடைத் துப்பாக்கியில் அழகாகச் சுட்டார், தன்னுடையதைத் துணியில் சுற்றித் தொடாமல் கொண்டு போனார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. என் பொறுமை போய்விட்டது.

"இங்க இதுல சுட்டுட்டு, வீட்டுக்கு அத எடுத்துட்டுப் போனா என்ன பிரயோஜனம்? செத்தவர் வந்து சுடுவாரா?"

"உனக்கென்ன தெரியும், கல்யாணம் பண்ணாதவன்."

"ரெண்டு தடவ பண்ணேனே."

"ரெண்டு தடவன்னா பண்ணலன்னு அர்த்தம்."

   இந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு இந்த ஊரில் நடப்பேன்?

நான்காம் செவ்வாய்க்கிழமை கடை திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்த் திரும்பியபோது சமையல்கட்டுக் கதவின் கண்ணாடி உடைந்து கிடந்ததாம். எதுவும் திருட்டுப் போகவில்லை. படுக்கை மட்டும் கலைந்திருந்ததாம். துப்பாக்கி இவரோடு கைப்பையில் இருந்திருக்கிறது.

"எடுத்துடலாம்டா. ஆனா கீழ கொட்டக்கூடாது. சுட்டே அனுப்பி வைக்கிறேன்."

அன்று பனி கனமாக இறங்கியிருந்தது. ஏழு கஜத்தில் மாட்டிய பேப்பர்கூட ஏதோ கனவில் தெரிவதுபோல் வெளுத்துத் தெரிந்தது. மிஸ் ஓலீட்டா பல்லைக் கடித்துக்கொண்டு தன் துப்பாக்கியின் விசையை இழுத்தார்.

டிக்.

"அப்படியே பிடிச்சுக்குங்க, மேட்டப் பாத்து. சில சமயம் தாமதமா வெடிக்கும்." முப்பது வரை எண்ணினேன். எங்கேயோ ஒரு காகம். வேறு ஒன்றுமில்லை.

இரண்டாவது வெடித்தது. கை எகிறி, குண்டு மேட்டுக்கு மேலே ஓரமாகப் புல்லைச் சிதறடித்தது. மூன்றாவது, டிக். முப்பது எண்ணினேன். நான்காவது, டிக். மறுபடி முப்பது. ஐந்தாவது வெடித்து மண்ணில் புதைந்தது. பேப்பரில் கீறல்கூட இல்லை.

சிலிண்டரைத் திறந்து, வெடிக்காத மூன்றையும் எடுத்தேன். விரல் வழுக்கியது. மோந்து பார்த்தேன்.

"எண்ணெய் விட்டீங்களா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும். துருப்பிடிச்ச போல்ட்டுக்கு அவர் விடுவாரே, அந்த டப்பாலேர்ந்து. துருப்பிடிக்க விட்டுட்டேன்னு அவர் நெனைக்கக் கூடாதில்ல?"

"தோட்டாவ எடுக்காமலேயா?"

"எடுத்தா அவர் போயிடுவாரே."

அது எந்த இடுக்கிலும் புகுந்துவிடுகிற மெல்லிய எண்ணெய். மூன்று வருஷ ஞாயிறுகளில் சொட்டுச் சொட்டாகத் தோட்டாவின் அடிக்குள் இறங்கி மருந்தை அவித்துவிட்டது. சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "அப்ப அன்னிக்கு அவன் கதவத் திருகினப்போ..."

"மொத இழுப்பு வெடிச்சிருக்காது."

"மூணு வருஷம்டா ரஸ்ஸல். அவர் பக்கத்துல இருக்கார்னு நிம்மதியாத் தூங்கினேன். அந்த வீட்டுல நான் தனியாவா இருந்தேன்?"

ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது. "ஆமாம் மிஸ் ஓலீட்டா. தனியாத்தான் இருந்தீங்க."

ஹார்லனை அடக்கம் செய்த அன்று அழாதவர், அந்தப் பனிக்குள் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.  நான் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"அந்த மூக்கில்லாததக் குடு."

தட்டையான தோட்டா குழிக்குள் சட்டென்று வழுக்கிப் போகாது. விளிம்பில் இடிக்கும், நேராக்கி நேராக்கித் தள்ள வேண்டும். அந்தக் கோணல் விரல்களால் ஒன்றைப் போடவே ஒரு நிமிஷம் ஆயிற்று. பார்க்கப் பொறுக்காமல் நான் கையை நீட்டினேன். பட்டென்று புறங்கையில் ஒரு அடி விழுந்தது.

"கைய எடு. இது என் துப்பாக்கி."

மீதி நான்கையும் அவரே போட்டு மூடினார்.