சிவப்புக் கோட்டில் நின்ற முள்

என் அண்ணன் மனிதர்களை நம்பமாட்டார், முள்ளை நம்புவார். லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் எடைமேடையில் பாதி ஆயுளைக் கழித்தவர். "வண்டிக்காரன் ஆயிரம் சொல்லுவான், முள் ஒண்ணுதான் சொல்லும்" என்பார். எனக்குக் காய்ச்சல் என்று நானே சொன்னாலும், நான் ஒரு நர்ஸ் என்பதையும் மறந்து, தெர்மாமீட்டரை எடுத்து நீட்டுவார்.

இப்படிப்பட்டவருடைய பழைய காரில்தான் நான் தினமும் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே இருக்கிறது. காலை ஷிப்டுக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கேட்காமலே கூட்டிப்போகிறார், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள், பாலம் ஏறுவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். உடனே ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆவி வராது. கொதிக்கிற சத்தம் கேட்காது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறைந்திருக்காது.

"அண்ணா, ஒண்ணும் ஆகலை. வாங்க போகலாம்."

"முள் இறங்கட்டும்."

முள் இறங்க இறங்க எனக்கு ஏறும்.

கார் பட்டறைக்காரர் பொறுமைசாலி. அண்ணன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக மாற்றினார். புது சென்சார் போட்டார், தெர்மோஸ்டாட்டை மாற்றினார், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். முள் மட்டும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சிவப்பிலேயே போய் நின்றது. "எஞ்சின் நல்லாத்தான் இருக்குங்க" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். "முள் அப்படிச் சொல்லலையே" என்றார் அண்ணன்.

ஒரு நாள் பாலத்தின் உச்சியில் வண்டி விக்கி விக்கி நின்றேவிட்டது. இந்த முறை அண்ணன் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது.

"பெட்ரோல் தீந்துபோச்சு" என்றேன்.

"கால் டாங்க் இருக்கு. முள்ளைப் பாரு."

இறங்கி வண்டியை உலுக்கினேன். உள்ளே தளும்புகிற சத்தமே இல்லை. அவரோ உட்கார்ந்த இடத்திலிருந்தே சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அழுகையா கோபமா என்று தெரியாமல் நின்றவளைப் பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். என் வார்டில் இரவு ஷிப்ட் முழுவதும் நின்ற நர்ஸ் எனக்காகக் கூடுதலாகக் காத்திருந்தாள். தலைமை நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். "இதுதான் கடைசி. நாளைக்கு லேட்டா வந்தா, அதோட வராதீங்க."

ஷிப்ட் முடிந்ததும் நேரே பட்டறைக்குப் போனேன். அண்ணனும் வண்டியும் அங்கேதான் இருந்தார்கள். நான் பெட்ரோல் கதையைச் சொன்னதும் பட்டறைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பெட்ரோல் முள்ளும் அதிகமாக் காட்டுதா? இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"வண்டி நல்லா மைலேஜ் கொடுக்குதுன்னு நெனச்சேன்" என்றார் அண்ணன்.

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ரெண்டு முள்ளும் சேந்து பொய் சொல்லுதுன்னா, தப்பு ரெண்டுக்கும் பொதுவான இடத்துல இருக்கு" என்றார் அவர். "டாஷ்போர்டுக்குப் பின்னாடி சின்ன டப்பி ஒண்ணு இருக்கும். ரெண்டு முள்ளுக்கும் அதுதான் அளவா கரண்ட் விடணும். அது கெட்டுப்போய் அதிகமா விட்டா, ரெண்டும் அதிகமாத்தான் காட்டும். எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லை."

"அது நீங்க சொல்றது" என்றார் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தினமும் காலையில மேடையில எடை தெரிஞ்ச இரும்புக் கட்டியை வெச்சு, முள் சரியா நிக்குதான்னு பாத்துட்டுத்தானே முதல் லாரியை ஏத்துறீங்க? இந்த முள்ளை என்னிக்காவது எதையாவது வெச்சுப் பாத்தீங்களா?"

அண்ணன் பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். நீளமான தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டாரா? இல்லை. கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, முதலில் அதில் விட்டு, நூறு காட்டுகிறதா என்று பார்த்தார். காட்டியது. ஆறிக் கிடந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து அதை உள்ளே விட்டு, எஞ்சினை ஓடவிட்டார்கள். வண்டிக்குள்ளே முள் சிவப்புக்கு ஏறியது. வெளியே தெர்மாமீட்டர் எண்பத்தைந்தில் நின்றது.

"ஓடுற எஞ்சினுக்கு இது சாதாரணச் சூடு" என்றார் பட்டறைக்காரர். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் பார்த்தார். அது எண்பத்தைந்துதான்.

புது டப்பி அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள். எனக்கோ மறுநாள் காலை ஷிப்ட். விடியும்போது டாங்க்கை நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். அண்ணன் கண் போகிற இடத்தைப் பார்த்தேன். கைப்பையிலிருந்து கட்டுப்போடும் பிளாஸ்திரியை எடுத்து, சூட்டு முள்ளின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். அவர் தடுக்கவில்லை.

பாலம் வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எங்க நிக்கும்?"

"எங்க வேணா நிக்கட்டும். சூடு இல்லை, போங்க."

இறக்கத்தில் இன்னொரு முறை கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது நேரம் நிறையவே இருந்தது. வண்டி சமர்த்தாக நின்றது. அண்ணன் சட்டைதான் முதுகோடு ஒட்டியிருந்தது. என் வேலை பிழைத்தது என்ற சந்தோஷத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினேன்.

மதியம் வெளியே வந்தால், வண்டி நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. அண்ணன் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். பிளாஸ்திரியின் ஒரு ஓரம்கூடப் பிரியவில்லை.

"வேலைக்குப் போகலையா?"

"லீவு சொல்லிட்டேன்."

"ஏன்? வண்டிக்கு என்ன ஆச்சு?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்லை" என்றார், சாவியைத் திருப்பிக்கொண்டே. "போற வழியில சூடு இல்லைன்னு சொல்ல நீ பக்கத்துல இல்லையே."