நுரை வராத சோப்பு

என் அம்மா கடலில் துணி துவைக்கப் பார்த்தவள். சிரிக்காதீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்துவிட்டு இத்தனை வருடம் வருத்தப்பட்டேன்.

அப்பா சொந்த லாரி ஓட்டினார். கோடை லீவு விட்டதும் நாகப்பட்டினத்துக்கு லோடு கிடைத்தால் எங்களையும் கேபினில் ஏற்றிக்கொள்வார். போகும்போது முட்டை, திரும்பும்போது கோழித் தீவனத்துக்குக் கருவாடு. அந்த வாடை பள்ளிக்கூடம் திறக்கும்வரை என் சடையில் இருக்கும். எனக்கு அது பெருமைதான். எங்கள் தெருவில் வேறு யார் கடலைப் பார்த்தார்கள்?

முதல் தடவை போனபோது அம்மா ஒரு மூட்டை அழுக்குத் துணியையும் கொண்டுவந்தாள். அவள் ஆற்றங்கரை ஊரான மோகனூரில் பிறந்தவள். காவிரிக்கு வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை. "இத்தன தண்ணி கெடக்குது, சும்மா பாத்துட்டா வாரது?" என்று அலை ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் வேட்டிக்கு பார் சோப்பு போட்டாள். கை வலிக்கத் தேய்த்தும் நுரையே வரவில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று தெரியாமல், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலை உதறிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் கைதட்டினேன்.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ கோடைகள் போனோம். நானும் அப்பாவும் மூக்கெல்லாம் உப்பேற அலையில் புரளுவோம். அவள் செருப்புகளுக்குக் காவல் இருப்பாள். கூப்பிட்டால், "நாய் தூக்கீட்டுப் போயிரும், நீ போ சாமி" என்பாள். அப்பாவோ வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஒருவரையும் அந்தச் சோப்புக் கதை சொல்லாமல் அனுப்பமாட்டார்.

போன மாதம் லீவு போட்டு இருவரையும் அதே கரைக்குக் காரில் அழைத்துப் போனேன். இந்தத் தடவையாவது அவள் கால் நனைய வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

சாயங்காலம் சுண்டலைக் கொறித்தபடி மூவரும் மெல்ல நடந்தோம். ஈரமணல் வந்ததும் அம்மா எங்கள் செருப்புகளைக் கழற்றச் சொல்லிவிட்டு, காவலுக்கு இடம் தேடினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "செருப்பு போனா வேற வாங்கிக்கலாம், வாங்கம்மா!" என்று சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை.

அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். மூன்று ஜோடியையும் தன் பக்கம் இழுத்து வைத்தார்.

"செருப்ப நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வா. அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். முதல் அலை வந்து அவள் கணுக்காலைச் சுற்றி வெள்ளைவெளேரென்று பொங்கியது. குனிந்து பார்த்தவள், சட்டென்று கரைப்பக்கம் திரும்பி, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"ஏனுங்க! நுரை வருதுங்க!"