ஏறிப் பார்க்காமல் நம்பாதவன்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. ஆட்கள் நின்று வேலை செய்ய அதைச் சுற்றிக் கம்பு கட்டி எழுப்பிய ஒரு சாரம் இருந்தது. அந்தச் சாரத்தை ஏறிப் பார்க்காமல் நம்பாத ஒருத்தனும் இருந்தான். அவன் நான்தான். புதுக்கோட்டையில் கட்டட வேலைகளுக்குப் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறேன். தினமும் காலையில் சாரத்தைச் சோதித்து, தேதி போட்டு, கையெழுத்திட்ட பச்சை அட்டையைத் தொங்கவிட்டால்தான் ஆட்கள் ஏறலாம். சரியில்லை என்றால் சிவப்பு அட்டை. சாரம் சாய்ந்தால் மேலே நிற்கும் ஆறு பேர் உயிர் போகும். அடுத்தவர் கட்டியதற்குக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

அழியாத அட்டை

ஒருநாள் நான் போகும் முன்பே பச்சை அட்டை தொங்கியது. முந்தின நாள் அட்டைதான், என் கையெழுத்துதான், ஆனால் லேமினேஷன் போட்டு பளபளவென்று இருந்தது. இலுப்பூரிலிருந்து பூச்சு வேலைக்கு வரும் செல்லையா மேஸ்திரி பெருமையாகச் சிரித்தார்.

"தெனம் ஏறி எறங்குறீங்களே, பாவமா இருந்துச்சு தம்பி. இனி மழை பேஞ்சாலும் ஒங்க கையெழுத்து அழியாது."

முடிச்சுக்கு ஒரு போட்டோ

அன்றிலிருந்து எல்லார் மேலும் சந்தேகம். ஜன்னல் வழியாகப் போய்ச் சாரத்தைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கிற கம்பு ஒன்று, காலையில் பார்த்தால் லொடலொடவென்று ஆடும். இறுக்கச் சொன்னாலும் மறுநாள் அதே கதை. சாரம் கட்டுகிற காதர் பாய் கோட்டைப்பட்டினத்துக்காரர். முன்பு படகில் மீன்பிடிக்கப் போனவர். அவர்தான் அசட்டையாகக் கட்டுகிறாரோ என்று, அவர் கட்டி முடித்ததும் முடிச்சைப் படம் எடுத்தேன்.

"எடுங்க தம்பி. அப்படியே அதுக்கு ஆதாரும் கேளுங்க" என்றார்.

மறுநாள் காலை படத்தோடு ஒப்பிட்டால் முடிச்சே வேறு. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து சொன்னார்:

"இது மாடு கட்டுற முடிச்சுல்ல? கடல்ல இப்படிக் கட்டுனா படகு எலங்கைக்குப் போயிரும்."

மத்தியானச் சோதனை

மாடு வைத்திருப்பவர் எங்கள் சைட்டில் ஒருத்தர்தான், செல்லையா மேஸ்திரி. பாய் இறுக்கிக் கட்டினார், நான் பச்சை அட்டை போட்டேன். ஆனால் மத்தியானம் சொல்லாமல் திரும்பி வந்தேன். கம்பு அவிழ்ந்து பலகையில் கிடந்தது. ஆறு பேர் மேலே நின்று ஜன்னலோரம் பூசிக்கொண்டிருந்தார்கள். சாரத்துக்கும் சுவருக்கும் நடுவே என் கை போகிற அளவு இடைவெளி.

"மேஸ்திரி அண்ணே, அசையாதீங்க. ஒவ்வொருத்தரா எறங்குங்க" என்றேன்.

"கம்பு குறுக்க நின்னா எப்படிப் பூசுறது? சாயங்காலம் கட்டிட்டுத்தானே போறேன்!"

"சாயங்காலம் யாரும் மேல நிக்க மாட்டாங்களே அண்ணே."

ஐந்து பேர் இறங்கினார்கள். கடைசியாக மேஸ்திரி இறங்கக் கால் வைத்தபோது சாரம் கிறீச்சென்று வெளிப்பக்கம் சாய்ந்தது. பாயும் நானும் கீழே நின்று, சாரத்தில் கட்டிய கயிற்றைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் பிடித்தோம். தரைக்கு வந்தபின் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான் சிவப்பு அட்டையை மாட்டினேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்குப் பச்சை அட்டைய மட்டும் நம்பி நான் ஏற மாட்டேன். மொதல்ல நீங்க மேல போயி நில்லுங்க. நான் கீழ நின்னு பாக்குறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அவருக்கும் என் சந்தேக வியாதி தொற்றிவிட்டது, எங்கள் தொழிலில் இதைத்தான் விழிப்புணர்வு என்கிறார்கள்.