துரை குடிக்காத கிணறு

1. சிவப்பு

"தங்கச்சி, என்ரை துரைக்கு ஆரோ நஞ்சு வைச்சிட்டினம்."

றெஜினா அக்கா எங்கள் கால்நடை அலுவலக வாசலில் நின்று இப்படிச் சொன்னபோது, துரை என்பவர் அவருடைய கணவர் என்றுதான் நினைத்தேன். பதறி எழுந்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு எல்லோ கொண்டு போகோணும்?"

"அங்கை முயலைப் பாப்பினமோ?"

யுத்தநிறுத்தம் வந்த மறு வருஷம் அது. நான் வேலையில் சேர்ந்து மூன்று மாதம். டொக்டர் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில்தான் தீவுக்கு வருவார். மற்ற நாட்களில் மருந்து அலுமாரியும் நானும். டிப்ளோமா முடித்த சூடு ஆறவில்லை. எது வந்தாலும் உடனே நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும் அந்த அவசரம் இருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சைக்கிளில் புளியங்கூடலுக்குப் போனேன். துரை குசினியில் அடுப்புக்கு எதிர் மூலையில் பெட்டிக்குள் கிடந்தது. நல்ல வெள்ளை, காது மட்டும் சாம்பல். பெட்டியில் விரித்திருந்த சாக்கில் உள்ளங்கையளவு செங்கல் நிறக் கறை.

"மனுசன் கடலுக்குப் போனால் வீட்டிலை நான் கதைக்கிறது இவனோடைதான்" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குச் சொல்லிறன். கிணத்துக்கை என்னவோ போட்டிருக்கிறா அவ."

"ஆர்?"

வாயால் சொல்லாமல் தாடையால் வேலியைக் காட்டினார். அடுத்த வளவு செல்வராணி அக்காவுடையது. இரண்டு வளவுக்கும் ஒரே பங்குக் கிணறு, றெஜினா அக்காவின் பக்கத்தில் இருந்தது. வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவில் பொட்டு ஒன்று வைத்து, அதன் வழியாகத்தான் செல்வராணி அக்கா தண்ணீர் எடுப்பார். இடம்பெயர்ந்து போன சனத்தில் செல்வராணி அக்காவின் குடும்பம்தான் முதலில் திரும்பி வந்தது. றெஜினா அக்கா வந்தபோது அவருடைய வீட்டில் முன்கதவு இல்லை.

"அந்தக் கதவு எங்கை போனது எண்டு அவவுக்குத் தெரியும். இப்ப பங்குக் கிணறும் முழுசா வேணுமாம்."

நான் சாக்கை முகர்ந்தேன். எலி நஞ்சு தின்ற மிருகங்களுக்குச் சிறுநீரில் இரத்தம் போகும் என்று படித்தது ஞாபகம் வந்தது. "நஞ்சாயும் இருக்கலாம், அக்கா" என்றேன்.

டிப்ளோமாப் படிப்பு முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் காட்டிவிட்ட திருப்தி எனக்கு. 'இருக்கலாம்' என்ற சொல் அக்காவின் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

2. போத்தல்

பெட்டியின் மூலையில் தேங்கியிருந்த சிறுநீரைச் சிறிய மருந்துப் போத்தலில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் கடற்படைச் சென்றிக் காவலரணில் மறித்தார்கள்.

"என்ன போத்தல்?"

"முயலின்ரை சலம்."

மறித்த சிங்களச் சிப்பாய்க்கு அந்தச் சொல் விளங்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்ததும் விளங்கிவிட்டது. போத்தலைக் கை நீட்டித் தூரப் பிடித்தபடி மற்றவரைக் கூப்பிட்டார். இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"முயல் எங்க?"

"வீட்டிலை."

"பேர்?"

என் பெயரைச் சொன்னேன்.

"நீ இல்ல. முயல்."

"துரை."

கொப்பியில் எழுதிக்கொண்டுதான் விட்டார்.

அலுவலகத்தில் ஆய்வுகூடம் கிடையாது. ஆனால் காயம் கழுவும் பெரொக்சைட் இரத்தத்தில் பட்டால் நுரைக்கும். எங்களிடம் இருந்த போத்தல் பழசு, அதை நம்ப முடியாது. மறுநாள் ஆஸ்பத்திரித் தாதியிடம் கெஞ்சிப் புதிதாகக் கொஞ்சம் வாங்கி, துரையின் சலத்தில் விட்டுப் பார்த்தேன். நுரைக்கவில்லை. இன்னும் பத்துத் துளி விட்டேன். ஒன்றுமில்லை. என் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தில் விட்டேன். பொங்கி நுரைத்தது.

சந்திக் கொமினிக்கேசன் கடையில் இருந்து டொக்டருக்குப் போன் எடுத்தேன்.

"முயலுக்கு இலை குழையின்ரை நிறம் சலத்திலை சிவப்பாப் போறது வழமை" என்றார். "ரத்தம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை சேர்" என்றேன். இரத்தம் என்று சொல்லவில்லை. அதைவிட மோசமானதைச் சொல்லியிருந்தேன்.

3. வேலி

புதன்கிழமை காலை புளியங்கூடலில் ஒழுங்கைக்குள் திரும்பியதுமே தெரிந்தது. பொட்டு இருந்த இடத்தில் பச்சைப் பனங் கருக்குமட்டை வரிந்து கட்டியிருந்தது. கிணற்றடியில் கயிறும் இல்லை, வாளியும் இல்லை.

செல்வராணி அக்கா ஒழுங்கையில் இரண்டு தண்ணீர்க் கான்களோடு நின்றார். குடிதண்ணீர் பவுசர் லொறி வரும் சந்தியில் இருந்து நடந்து வந்திருக்கிறார்.

"நீர்தானே அந்த முயல் டொக்டர்?"

"நான் டொக்டர் இல்லை அக்கா."

"பிறகென்னத்துக்கு நஞ்சு எண்டனீர்? ரண்டு நாளாப் பிள்ளையளின்ரை உடுப்புத் தோய்க்கேல்லை. அங்கை பாரும், கத்தரிக் கண்டு." நூறு கன்றாவது இருக்கும். எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. "இண்டைக்கும் தண்ணி இல்லையெண்டால் அவ்வளவும் கருகிப் போடும். குடிக்கிற தண்ணியை ஊத்த ஏலுமே?"

நான் ஓடாத குறையாக றெஜினா அக்காவிடம் போனேன். பெரொக்சைட் கதையை முழுதாகச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து எழும்பவில்லை.

"வாற வழியிலை அவவோடை நிண்டு கதைச்சனீர், கண்டனான்."

"அக்கா, அது ரத்தமில்லை."

"முந்தநாள் நஞ்சு. இண்டைக்கு ரத்தமில்லை. அங்கை தேத்தண்ணி குடிச்சனீரோ?"

அதற்குள் பெட்டிக்குள் சத்தம் கேட்டது. துரை பின்னங்காலை அகட்டி முதுகை வளைத்து முக்கியது. சொட்டும் வரவில்லை. மறுபடி முக்கியது. கரைத்த சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒரு துளி வந்து நின்றது. காலையில் இருந்து இப்படித்தான், இலையும் தின்னவில்லை என்றார் அக்கா.

குசினியில் இருந்த வினாகிரியை எடுத்து, சாக்கில் காய்ந்திருந்த பழைய வெள்ளைக் கறையில் விட்டேன். சீறிக் குமிழி விட்டது. சுண்ணாம்புச் சத்து. முயலுக்கு மிஞ்சின சுண்ணாம்பு சலத்தோடுதான் போகும். தண்ணீர் போதாவிட்டால் சிறுநீர்ப் பையிலேயே மண்டியாக அடையும்.

"என்ன தீன் குடுக்கிறனீங்கள்?"

"முருங்கையிலை, அகத்தியிலை. நல்ல சத்தெல்லோ."

"தண்ணி எவ்வளவு குடிக்கும்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "முயலுக்கு ஆரும் தண்ணி வைப்பினமே? வைச்சால் வயிறு ஊதிச் செத்துப் போகும். நான் ஒரு நாளும் வைச்சதில்லை."

"ஒரு நாளும்?"

"ஓம்."

"இலையைக் கழுவித்தான் போடுறனீங்களோ?"

"ஈரம் படவிடமாட்டன் பிள்ளை. துடைச்சுத்தான் போடுவன்."

நான் வேலியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அப்ப அக்கா, துரை குடிக்காத கிணத்திலை ஆர் என்னத்தைப் போட்டாலும் அவனுக்கு என்ன?"

இந்தக் கேள்வியைத் திங்கட்கிழமை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் கருக்குமட்டைக்கு வேலையே இல்லை.

4. ஒரு மிடறு

அக்கா கயிற்றையும் வாளியையும் அலுமாரிக்குப் பின்னால் இருந்து எடுத்து வந்தார். சட்டியில் கிணற்றுத் தண்ணீர் வைத்தோம். துரை மூக்கை நனைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நான் வாயில் விட்டுப் பார்த்தேன். சவர், உப்புக் கரித்தது. அக்காவின் குடத்திலும் நல்ல தண்ணீர் முடிந்திருந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "என்ரை கானிலை நல்ல தண்ணி கிடக்கு."

எவ்வளவு நேரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாரோ.

றெஜினா அக்கா வேலியருகே போனார். "நீர் முதல்லை குடியும். நான் பாக்கோணும்."

எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. செல்வராணி அக்கா கானைத் தூக்கி ஒரு மிடறு குடித்து, வாயைத் துடைத்தார்.

"இவ்வளவும் காணுமோ? இல்லாட்டி உம்மடை தேவாலயத்து மணி அடிக்கும் மட்டும் உயிரோடை நிண்டு காட்டோணுமோ?"

கான் வேலிக்கு மேலால் வந்தது. துரை முதலில் நக்கியது. பிறகு சட்டிக்குள் முகத்தை விட்டுக் குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. றெஜினா அக்கா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். "இவ்வளவு தாகத்தோடையோ கிடந்தவன்" என்று மட்டும் சொன்னார்.

தண்ணீர் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கொண்டதால் டொக்டர் வியாழக்கிழமையே வந்தார். இளஞ்சூட்டுச் சேலைனைத் தோலுக்கடியில் ஏற்றினார். ஒரு மணி நேரம் விட்டு, துவாய்த் துணியில் கிடத்தி, அடிவயிற்றை மெதுவாக அமுக்கினார். பற்பசை போல வெள்ளைக் களி வந்தது, பிறகு தெளிந்த சலம். முருங்கையையும் அகத்தியையும் நிறுத்தி, நனைத்த அறுகம்புல்லும் கவிழாத மண்சட்டியில் நல்ல தண்ணீரும் எந்நேரமும் வைக்கச் சொன்னார். சிறுநீர் முட்டி முக்கும் முயலை வீட்டு வைத்தியத்தில் வைத்திருக்கக் கூடாது. ஒரு நாள் பிந்தியிருந்தால் துரை போயிருக்கும்.

5. மிச்சம்

அந்த வார முடிவில் போனபோது பொட்டு மறுபடி திறந்திருந்தது. முழுதாக இல்லை. இரண்டு கருக்குமட்டையை மட்டும் உருவியிருந்தார்கள். செல்வராணி அக்கா பக்கவாட்டாகத்தான் நுழைய வேண்டும். கதவு விஷயம் அப்படியே இருந்தது. கத்தரிக் கன்றுகளில் பாதிக்கு மேல் கருகிவிட்டன. அந்த நட்டம் என் கணக்கு. கன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "உம்மடை கண்டும் வேண்டாம், உம்மடை கதையும் வேண்டாம்" என்றார்.

அதற்குப் பிறகு மாடோ முயலோ எது வந்தாலும், என்ன தின்னுது, எங்கே தண்ணி குடிக்குது, எவ்வளவு குடிக்குது என்று கேட்டு எழுதிய பிறகுதான் மிருகத்தில் கை வைப்பேன். நோயின் பெயர் கடைசி வரியில். ஆரைச் சந்தேகிக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை, அவர்களாகச் சொன்னால் எழுதுவதுமில்லை. நீங்களும் அப்படிச் செய்தால் யாருடைய கன்றும் கருகாது.

இப்போதும் அந்த ஒழுங்கையால் சைக்கிளில் போனால், வேலிக்கு அப்பாலிருந்து செல்வராணி அக்கா கேட்பார்:

"தங்கச்சி, இண்டைக்கு ஆருக்கு நஞ்சு?"