பால் ஒன்றா, பலவா?

நகரியிலிருந்து திருப்பதி பஸ்ஸில் மகளோடு போனேன். அவளுக்கு இன்று வேலை இன்டர்வியூ.

“நைனா, ‘டேட்டா இஸ்’ஸா, ‘டேட்டா ஆர்’ரா? தப்பா சொன்னா சிரிப்பாங்க.”

பத்தாவது இங்கிலீஷில் கோட்டை விட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆனாலும் எல்லை ஊர்க்காரனிடம் பதிலுக்குப் பஞ்சமா?

“நம்ம வூட்ல பால் இருக்குது. தெலுங்குல ‘பாலு உன்னாயி’, ‘பாலுங்க இருக்குதுங்க’ன்னு அதே பால் பல ஆயிடுது. ரெண்டும் சரிதாம்மா,” என்று அடித்துவிட்டேன்.

இன்டர்வியூ முடிந்து வெளியே வந்தவள் சொன்னாள்: “‘டேட்டா ஆர்’னேன். கேள்வி கேட்ட தெலுங்கு சாரு, ‘இஸ்’தானேம்மான்னாரு. உன் பால் கதைய சொன்னேன் நைனா, ஒரே சிரிப்பு. போன் பண்றாங்களாம்.”

எதிர் டீக்கடையில் இரண்டு டீ கேட்டோம்.

“பாலு லேவு,” என்றார் கடைக்காரர். இல்லாத பாலும் பன்மையில்தான்.

போன் வராவிட்டால் பழி பாலின் மேல்.

மன்னிக்கவும், பால்களின் மேல்.