சந்துக்கு ஒரு வாங்கு

மெற்றில்டா ரீச்சரிடம் பயிற்சிச் சான்றிதழ் இல்லை. எட்டாம் வகுப்பு முடித்த கையோடு, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஜிந்துப்பிட்டிப் பக்கமாக இருந்த ஒரு சின்ன ஆரம்பப் பாடசாலைக்குத் துணை ஆசிரியையாக வந்தவர். 1942இல் அவருக்கும் எனக்கும் ஒரே வயது, இருபத்திரண்டு. நான் கிருலப்பனையிலிருந்து பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

அந்த ஏப்ரலில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்ததும் கொழும்பு பாதி காலியானது. தலைமையாசிரியரும் மற்ற இரண்டு ஆசிரியர்களும் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறினார்கள். நூற்றுப்பத்துப் பிள்ளைகள் இருந்த இடத்தில் பதினேழு பேர் மிஞ்சினார்கள். ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை கல்விப் பரிசோதகர் வருவார், ஐம்பது பிள்ளைகளாவது இல்லாவிட்டால் பாடசாலை மூடப்படும் என்று கடிதம் வந்தது. மூடினால், சான்றிதழ் இல்லாத மெற்றில்டாவை வேறெந்தப் பாடசாலையும் எடுக்காது.

கல்லூரி விடுமுறையில் உதவிக்கு வருகிறேன் என்று நானாகத்தான் போனேன். நண்பர்களிடம் அதைச் சேவை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், நான் படித்த படிப்பு யாருக்காவது பயன்படுமா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

முதல் நாள் மண்டபத்துக்குள் நுழைந்தவன் திகைத்துப்போனேன். பிள்ளைகள் உட்காரும் நீளப் பலகை வாங்குகள் ஏழு. ஒவ்வொன்றிலும் ஐந்து வயதுப் பிள்ளையும் பதினொரு வயதுப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில்.

"இதில எது ரெண்டாம் வகுப்பு?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் வகுப்பு எண்டு தனியா ஒண்டும் இல்ல, மாஸ்டர்," என்றார் மெற்றில்டா. "இது கோயிலடிச் சந்து, இது பேக்கரிச் சந்து, அது பைப்படிச் சந்து."

பாடசாலையில் பதுங்கு குழி இல்லை. ஒவ்வொரு சந்திலும் அங்குள்ளவர்களே ஒன்று வெட்டியிருந்தார்கள். சைரன் ஊதினால் தம் பிள்ளை தம்மோடு குழியில் இருக்க வேண்டும் என்பதுதான் தாய்மாரின் பிடிவாதம். அதனால் மெற்றில்டா வகுப்புகளைக் கலைத்து, சந்துக்கு ஒரு வாங்கு போட்டார். மூத்த பிள்ளை முன்னால், மற்றவர்கள் கைகோத்துப் பின்னால், நேரே சந்து வாசலுக்கு. இந்த ஏற்பாட்டை வீடு வீடாகச் சொல்லித்தான் பதினேழை நாற்பத்தொன்றாக்கியிருந்தார்.

எனக்கு அது விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதுகூடச் சரியில்லை, நான் மதிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அவர் சிலேட்டுகள் கேட்டுக் கல்வி அதிகாரியின் கந்தோருக்குப் போன நேரம், பிள்ளைகளை வகுப்புவாரியாகப் பிரித்து உட்கார வைத்தேன். மண்டபம் முதல்முறையாக ஒரு பாடசாலை மாதிரி இருந்தது. பத்து மணிக்கு ஒத்திகைச் சைரன் ஊதியது.

சின்னப்பிள்ளைகள் அக்காமாரைத் தேடி அழுதார்கள். பெரிய பிள்ளைகள் தங்கச்சிமாரைத் தேடி வாங்குகளுக்கு மேலால் பாய்ந்தார்கள். பைப்படிச் சந்தை நடத்திப்போக வேண்டிய ஆறாயி, ஐந்து வயதுத் தங்கையைக் காணாமல் வாசலில் நின்று அலறினாள். அந்தக் குழந்தையை அரை மணி நேரம் கழித்துப் பேக்கரிச் சந்தில் தாய் பழனியம்மா கண்டுபிடித்தார். யாருக்கும் காயமில்லை. மறுநாள் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். பரிசோதகர் வர இன்னும் பத்து நாள்.

மெற்றில்டா வெறும் வாங்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கட புத்தகத்தில சைரனுக்கு ஒரு பாடமும் இல்லையோ, மாஸ்டர்?"

நான் வாங்குகளைப் பழையபடி இழுத்துப்போட்டேன். அன்று பின்னேரம் அவரோடு பைப்படிச் சந்துக்குப் போனேன். பழனியம்மா சந்து வாசல் குழாயடியில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்.

"பிழை என்னுடையது," என்றேன். "ரீச்சருக்கு இது ஒண்டும் தெரியாது."

"அது எங்களுக்குத் தெரியுங்க. ரீச்சரம்மா இருந்திருந்தா எம்புள்ள ஏன் ரொட்டிக் கடையில நிக்கப்போவுது?" வரிசையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். "இம்புட்டுப் படிச்சவருக்கு நாலு சந்து தெரியல."

"பழனியம்மாக்கா, ஒருக்கா அனுப்பிப் பாருங்கோவன்," என்றார் மெற்றில்டா.

"நாங்க பாக்கணும். சைரன் வேணாம், ஒங்க மணிய அடிங்க. எல்லாத் தாய்மாரும் சந்து வாசல்ல நிப்போம். எம்புட்டு நேரத்துல புள்ளைக வருதுன்னு பாக்குறோம்." என்னைப் பார்த்தார். "எங்க சந்துக்கு இந்த மாஸ்டர்தான் கூட்டிட்டு வரணும். வழி தெரிஞ்சிக்கட்டும்."

வியாழக்கிழமை அந்தப் பரீட்சைக்காகவே நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். மெற்றில்டா மணியை அடித்தார். ஆறாயி என் வலக்கையைப் பிடித்தாள், அவள் தங்கை இடக்கையை. "ஓடக்கூடாது சேர், வேகமா நடக்கணும்," என்றாள் ஆறாயி. ஏழு வரிசைகளும் ஒன்றோடொன்று முட்டாமல் வாசலைத் தாண்டிப் பிரிந்தன. நாங்கள் பைப்படிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி கேட்டதும் பழனியம்மா குழாயடியில் வைத்த குடம் முக்கால்வாசிதான் நிறைந்திருந்தது. அவர் தன் இரண்டு பிள்ளைகளையும் தொட்டுப் பார்த்தார். பிறகு குழாயை மூடினார்.

"நாளைக்கு அனுப்புறேன்."

அடுத்த வாரம் வாங்குகளில் இடம் போதவில்லை. சந்துவாரியாகப் படிப்பிப்பது எப்படி என்று எனக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. மூத்தவர்கள் தங்கள் பாடத்தைச் சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். காட்டிக் காட்டியே தாங்களும் திருத்தமாக வாசித்தார்கள்.

கடைசி வெள்ளிக்கிழமை பரிசோதகர் வந்து எண்ணினார். ஐம்பத்தாறு. ஆனாலும் அவர் முகம் சுருங்கியது.

"மூன்றாம் வகுப்பு எங்கே?"

"மூண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழும்புங்கோ," என்றார் மெற்றில்டா.

ஏழு வாங்குகளிலும் ஒருவர், இருவராக எழுந்தார்கள். பன்னிரண்டு பேர். பரிசோதகர் தாம் கொண்டுவந்த புத்தகத்தைக் கொடுத்தார். பன்னிரண்டு பேரும் வாசித்தார்கள், இருவர் மட்டும் தடுமாறினார்கள்.

"இது என்ன முறை, மிஸ்?"

"வீட்ட போற முறை, சேர். சைரன் ஊதினா நாலு நிமிசம்."

அவர் ஏழு வாங்குகளையும் இன்னொரு தரம் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து, பாடசாலை தொடர்ந்து நடக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். மெற்றில்டா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், கையெழுத்து முடியும்வரை.

போகும்போது பரிசோதகர் என்னைக் கவனித்தார். "இவர் எந்த வகுப்பு ஆசிரியர்?"

நான் வாய் திறக்குமுன் மெற்றில்டா சொன்னார்: "அவர் பைப்படிச் சந்து, சேர்."

பிறகு நான் பட்டம் பெற்றேன். பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று இரண்டு எழுத்து சேர்ந்தது. அதை யாராவது சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்று மெற்றில்டா என்னைப் பைப்படிச் சந்து என்றபோது மட்டும் நிமிர்ந்து நின்றேன்.